மணி சொல்லும் மரக்கல வரலாறு

வரலாறு என்றதும் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பவை முடியும், வாளும், யானையும், கொடியுமே. கடல் கடந்தோம், கடாரம் கொண்டோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவதில் குற்றமில்லை. ஆனால், அக்கடலைக் கடந்த மரக்கலத்தின் நங்கூரத்தைக் காய்ச்சி அடித்தவன் யார்? பாயை ஏற்றியிறக்கும் கயிறு ஓடுதற்கு வளையம் வார்த்தவன் யார்? சுக்கானைத் தாங்கும் கீலைச் செய்தவன் யார்? இவ்வினாக்களை எழுப்புவோர் நம்மிடையே அரியர். அரசன் பெயர் கல்லில் நின்றது. வணிகன் பெயர் செம்பில் நின்றது. கம்மியன் பெயரோ உலைச்சாம்பலோடு போயிற்று. அவன் கைவேலையின் சிறு துண்டுகளைக் கொண்டு அவன் வரலாற்றை ஒருவாறு கூட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்கா ஆற்றங்கரையில் பெருங் கப்பலொன்றின் உருவம் நிற்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர், கொள்ளைப் பொருளை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது சுமத்திராக் கரையோரம் மூழ்கிய ‘புளோர் டி லா மார்’ என்னும் கப்பலின் உருவம் அது. 1994ஆம் ஆண்டு முதல் கடல் அருங்காட்சியகமாக விளங்கி வருகிறது. கைப்பற்ற வந்தவரின் கப்பலுக்கு ஊர் நடுவே உருவம் உண்டு. நன்று. அவர் வருமுன்பே இத்துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சிய சோழமண்டலக் கரையாரின் கலத்தை நம் பிள்ளைகள் எங்கே காண்பார்கள்? அதனை ஒரு முழ அளவிலேனும் மரத்தில் செதுக்கிச் செய்துவைக்க வேண்டுமென ஓர் இளைஞன் முற்பட்டால், மரவேலை அவனுக்குப் பெருந்தடையன்று. தடை நிற்பது சிறு உலோக உறுப்புகளில். அவை எவ்வாறிருந்தன, எதனாற் செய்யப்பட்டன, எவர் செய்தார் என்பதைத் தேடப் புகுந்தால், பொம்மைக் கப்பல் பெரிய வரலாற்றுக்கு வாயிலாகிவிடுகிறது.

மரம் மக்கும், உலோகம் நிற்கும்

வெப்பக் கடலில் மூழ்கிய மரத்தைக் கப்பற்புழு துளைத்துவிடும். கரையில் கிடந்த மரத்தைக் கறையான் தின்றுவிடும். ஆகவேதான், கீழ்க்கடல் முழுவதும் ஓடிய தமிழ்க் கலங்களுள் ஒன்றேனும் முழு உருவோடு நமக்குக் கிடைத்திலது. எஞ்சியிருப்பன உலோகமும் கல்லும் எழுத்துமே.

சாதவாகன மன்னர் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில், சோழமண்டலக் கரையில் வழங்கிய ஈயக் காசுகளில் இரு பாய்மரம் உடைய கப்பலொன்று பொறிக்கப்பட்டுள்ளது. விரல் நுனியளவான காசில் பாய்மரமும், அதனை இழுத்துக் கட்டிய கயிறும், திசைதிருப்பும் துடுப்பும் தெரிகின்றன. அக்காசுக்கு அச்சு வெட்டிய கம்மியன் கப்பலைத் தன் கண்ணாற் கண்டவனாகவே இருத்தல் வேண்டும். கப்பலை உலோகத்திற் சிறிதாக்கிக் காட்டும் கலை நமக்குப் புதிதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘செங்கடற் செலவு’ என்னும் பயண நூல், இக்கரையிலிருந்து கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் ஓடிய பெருங் கலங்களைக் குறிப்பிடுகிறது. பொன்னாடு என்று அந்நூல் கூறுவது நாம் இன்று வாழும் இத்தீபகற்பப் பகுதியையே என்பர் அறிஞர்.

தைத்த கலமும் தறைந்த கலமும்

‘ஆணியில்லாமற் கப்பலா?’ என்று வியப்போர் உண்டு. சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டிச் சென்ற மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் மோதும்போது தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆணி தறைந்த படகோ பிளந்துவிடும். இது அறியாமையன்று; அறிவின் முதிர்ச்சியே.

எனினும் ஆழ்கடலுக்கேற்ற பெருங்கலங்களில் இரும்பாணி வந்தது. கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கடக்கரப்பள்ளியில், 2003ஆம் ஆண்டில், நிலத்துள் புதைந்து கிடந்த பழங்கலம் ஒன்றை அகழ்ந்தெடுத்தனர். அது 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதில் பலகைகள் இரும்பாணிகளாற் பிணைக்கப்பட்டிருந்தன. ஐரோப்பியர் வந்துதான் நமக்கு ஆணியைக் கற்பித்தனர் என்று கூறியோர் வாயை அக்கலம் அடைத்துவிட்டது.

ஆணி சிறிது, அதன் பொறுப்போ பெரிது. ஆங்கிலேயர் 1761ஆம் ஆண்டில் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்திற்குச் செப்புத்தகடு போர்த்தினர். புழு அணுகவில்லை. ஆயினும் செம்பும் இரும்பும் உப்புநீரில் கூடியிருந்தமையால், இரும்பாணிகள் அரித்துத் தின்னப்பட்டன. அக்குறை நீங்க 1780களில் இரும்புக்கு மாற்றாகச் செப்புக் கலவை ஆணிகளைக் கையாண்டனர். உலகை ஆளப் புறப்பட்ட கடற்படையும் ஆணிக்கு முன் தலைகுனிய நேர்ந்தது!

ஈழத்து வல்வெட்டித்துறைக் கம்மியர் இந்நுட்பங்களை ஏட்டிற் படித்தவரல்லர். அவர் 1930ஆம் ஆண்டில் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. உலகத்தின் மறுபுறம் வரை அக்கலத்தைச் சிதறாமற் காத்தவை கரையோரப் பட்டறையில் அடித்த ஆணியும் வளையமும் அல்லவோ?

உருளைக்கிழங்கு வேகவைத்த மணி

இனி, இவ்வரலாற்றின் தலையாய சான்றுக்கு வருவோம். 1836ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தின் வடபகுதியில் வில்லியம் கோலென்சோ என்னும் கிறித்தவ சமயப் பணியாளர், மவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்று நோக்கியபோது அது பாத்திரமன்று. விளிம்பு உடைந்த மணி. காற்றில் சாய்ந்த பெருமரம் ஒன்றின் வேரடியில் கிடைத்தது என்று அம்மக்கள் கூறினர். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அம்மணியைப் பெற்றார். அதன் மேற்புறத்தில் புடைத்து நின்ற எழுத்துகள் தமிழ் எழுத்துகள்! ‘முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ என்பது அவ்வாசகம். முகைதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என்பது பொருள். இன்று அது வெல்லிங்டன் நகரத்து தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அக்கப்பல் எங்கே? அதன் ஏரா எங்கே? வங்கு எங்கே? பாய்மரம் எங்கே? ஒன்றும் இல்லை. கையிலடங்கும் மணி மட்டும் எஞ்சி நின்று, தமிழ் முஸ்லிம் ஒருவரின் கலத்தின் பெயரைத் தென்கோடித் தீவில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கலம் அங்கே நேரே சென்றதோ, கைவிடப்பட்டு மிதந்து சென்றதோ, பிறர் கையில் மணி மட்டும் சென்றதோ என்று ஆராய்வார் பலவாறு கூறுவர். எவ்வாறாயினும், பெருங்கப்பலுக்காகப் பேசுவது அதன் சிற்றுறுப்பே என்பது உள்ளங்கை நெல்லிக்கனி.

ஒன்று நோக்குக. அவ்வாசகத்தில் ‘உடைய’ என்னுஞ் சொல் இருமுறை வருகிறது. உடைமைக்காரர் பெயர் இருக்கிறது. மெழுகிற் கருச்செய்து, மண் பூசி, வெண்கலத்தை உருக்கி வார்த்து, அவ்வெழுத்துகளைப் புடைத்தெழச் செய்த கன்னான் பெயர் இல்லை.

உரைகல் சொன்ன பெயர்

ஆயினும் நாம் மனந்தளர வேண்டுவதில்லை. இத்தீபகற்பத்தின் வடபால், தாய்லாந்து நாட்டுக் கிராபி மாநிலத்துக் குலோங் தொம் என்னுமிடத்தில், சிறு கருங்கல் ஒன்று கிடைத்தது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல் அது. அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். பத்தர் என்று பொற்கொல்லரை இன்றும் தமிழகத்தில் அழைக்கிறோம். ஆகவே, ‘பெரிய பொற்கொல்லனுடைய கல்’ என்று அதற்குப் பொருள் கொள்வர்.

தோழர்களே! இம்மண்ணின் அண்டையில் கிடைத்த மிகப் பழைய தமிழெழுத்துகளில் ஒன்று, வெற்றிவேந்தனின் மெய்க்கீர்த்தியன்று, வணிகனின் கணக்கன்று. கைத்தொழிலாளி ஒருவன் தன் கருவியின்மேல் ‘இது என்னுடையது’ என்று கீறிய அடையாளம் அது. ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் பாய்க்கப்பலேறி வந்து, மணி துளைக்கும் பட்டறைகள் நிறைந்த துறைமுகத்தில் அவன் குந்தியிருந்து வேலைசெய்தான். அவனுக்குப் பின்னரே தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டு மணிக்கிராமத்தாரும், சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவரும் கல்வெட்டுப் பொறித்தனர். பாருசுக் கல்வெட்டில் ‘மரக்கல நாயன்’ என்று கப்பற்றலைவன் குறிக்கப்படுகிறான். நாயனுக்கும் முன்னே வந்து நின்றவன் நம் கம்மியன்!

கலாய் வந்த வழி

மலாக்காவுக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு பழையது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்படையோடு வந்த மா ஹுவான், இங்கு வெள்ளீயக் கட்டிகளே நாணயமாக வழங்கின என்று எழுதியிருக்கிறார். சுல்தான்களின் சிறு காசுகளும் வெள்ளீயமே. பின்னர் 1641இல் வந்த ஒல்லாந்தரும் இவ்வெள்ளீயத்தைத் தம் கைப்பிடிக்குள் வைக்கவே ஓயாது முயன்றனர்.

செம்பு ஒன்பது பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் சேர்ந்தால் சிலைக்கேற்ற வெண்கலம். வெள்ளீயம் ஐந்திலொரு பங்களவு கூடினால், தட்டினால் நெடிதொலிக்கும் மணிவெண்கலம். தமிழகத்து மண்ணிலோ வெள்ளீயம் மிக அரிது. கடல் வழியே வரவேண்டும். வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு நாம் ‘கலாய்’ பூசுகிறோம். அச்சொல் அரபு மொழியின் வழி வந்தது. ‘கலா’ என்று அரபு மாலுமிகள் அழைத்த இத்தீபகற்பத்துத் துறைமுகத்தின் பெயரால் அங்கு விளைந்த ஈயத்துக்கு அப்பெயர் வந்தது என்று அறிஞர் பலர் கூறுவர். கலா என்பது கடாரத்தை ஒட்டிய பகுதியே என்பதும் அவருட் பலர் கருத்து. ஆகவே, நம் பாட்டியர் அடுக்களைச் சொல்லிலேயே இந்நாட்டு மலையின் ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் பெற்றது போலவே கொடுத்ததும் உண்டு. கப்பல் என்னும் நம் சொல் மலாயில் ‘காப்பால்’ என வழங்குகிறது. தீட்டும் சாணைக்கல்லின் பெயரும் நம்மிடமிருந்து அம்மொழிக்குச் சென்றதே என்பர்.

மலாக்கா நகரில் அடுத்தடுத்து இரு தெருப்பெயர்கள் உள்ளன: துக்காங் எமாஸ், துக்காங் பெசி. பொற்கொல்லர் தெரு, இருப்புக்கொல்லர் தெரு என்பது பொருள். பொற்கொல்லர் தெருவிலேதான் 1748இல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும், மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலும் நிற்கின்றன. தொழுமிடங்களை நாடி உலகெங்குமிருந்து வருவோர் அத்தெருவிற் கூடுகின்றனர். தெருவுக்குப் பெயர் கொடுத்த தொழிலாளியை நினைப்பார் யார்? துருத்தியின் மூச்சு நின்றது. பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது.

சிற்றுறுப்புச் செய்யும் முறை

இனிக் கைவேலைக்கு வருவோம். இளைஞன் ஒருவன் 100 அடி நீளக் கலத்தை மாதிரியாகச் செய்ய விரும்புகிறான் என்று கொள்வோம். அடிக்குக் கால் அங்குலம் என்னும் அளவை வைத்தால் 25 அங்குல மாதிரி அமையும். ஜெலுத்தோங் மரம் உளிக்கு இணங்கும், எளிதிற் செதுக்கலாம். ஆனால், அதே கணக்கில் 8 அடி நங்கூரம் 2 அங்குலமாகிறது. ஓரடி வளையம் கால் அங்குலமாகிறது. இரண்டங்குலத் தடிப்புள்ள ஆணி ஓர் அங்குலத்தில் 24இல் ஒரு பங்காகிறது. குண்டூசியின் தடிப்பு! இங்கேதான் பொறுமையிழந்தோர் கடையில் விற்பதை வாங்கி ஒட்டிவிடுகின்றனர். உறுப்புப் பெரிதாகிக் கலம் சிறுத்துப் போகிறது. யானைக்குச் சுண்டெலி வாலையும், சுண்டெலிக்கு யானைத் தந்தத்தையும் வைத்தது போலாம்.

வளையத்துக்குப் பித்தளைக் கம்பி ஏற்றது. கம்பியைக் கருஞ்சிவப்பாகக் காயவிட்டு ஆறவைத்தால் மெழுகுபோல் இளகும். எஃகைச் சுடவைத்து நீரில் தோய்த்தால் இறுகும். பித்தளையும் செம்பும் அவ்வாறு இறுகா. இவ்வேறுபாட்டை அறியாமையால் வீணாகும் கம்பி பல. இளகிய கம்பியைப் பொற்கொல்லரின் கம்பியச்சுத் துளைகளில் ஒவ்வொன்றாக இழுத்தால் வேண்டிய மெலிவு வரும். பின் அதனை ஆணியொன்றின்மேல் நெருக்கமாகச் சுற்றி, நீளவாட்டில் அறுத்தால், ஒரே அளவான வளையங்கள் பத்தும் இருபதும் உதிரும். இவற்றைக் கோத்தால் நங்கூரச் சங்கிலி. கம்பியை முறுக்கிக் கண் வைத்தால், ஆஞ்சான் கயிறு கட்டும் கொளுவாணி. ரப்பர்த் தோட்டத்தார்க்குக் கம்பி வளைத்தல் புதிதோ? பால்மரத்திற் கோப்பையைத் தாங்கிநிற்பதும் வளைத்த கம்பிதானே!

பற்றவைப்பில் மூன்று விதி. பொருந்துமிடம் அழுக்கற்றிருத்தல் வேண்டும். இடைவெளியின்றிச் சேர்ந்திருத்தல் வேண்டும். சூடு பற்றாசுக்கன்று, பொருளுக்கே காட்டல் வேண்டும். பொருள் காய்ந்தால் ஈயப்பற்று தானே நீர்போல் ஓடிப் பொருத்துவாயிற் புகும். பற்றை மட்டும் உருக்கி மேலே சொட்டினால் குமிழாக நின்று மறுநாளே உதிரும். வெள்ளிப்பற்றாயின் வெங்காரம் வேண்டும். ஈயப்பற்றுக்கு நவச்சாரமோ குங்கிலியமோ போதும். தகரடப்பா என்று நாம் எறிவது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்பே. ஆதலின் பற்று அதிலே எளிதிற் பிடிக்கும். சுக்கானின் கீலும் பட்டையும் அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.

நங்கூரமும் மணியும் வார்க்க வெள்ளீயமே சிறந்தது. பித்தளை உருக 900 பாகைக்குமேல் வெப்பம் வேண்டும். வெள்ளீயமோ 232 பாகையிலேயே உருகி அடுப்பங்கரைக் கரண்டியிலும் வேலை கொடுக்கும். மாக்கல்லில் இருபாதி அச்சுக் குடைந்து, காற்றுப் போக நுண்வழி விட்டு, அச்சை நன்றாக உலர்த்தி வார்த்தல் வேண்டும். ஈரம் துளியளவு இருந்தாலும் நீராவி பொங்கி உருகிய உலோகத்தை முகத்தில் வீசும், எச்சரிக்கை! காரீயம் மலிவென்று கையாள்வோர் இரண்டு கேடு அடைவர். ஒன்று, அதன் தூளும் புகையும் உடலுக்கு நஞ்சு. மற்றொன்று, காற்றடைத்த கண்ணாடிப் பேழையுள் சில மரங்களினின்று வரும் புளிப்பாவி பட்டு, காரீயம் வெண்பொடியாகிச் சிதையும். மாதிரிக் கப்பல் பலவற்றில் நங்கூரமும் பீரங்கியும் இவ்வாறே மாண்டன. நிலைக்க வேண்டிய உறுப்பே முதலில் அழிதல் நன்றோ?

பாடத்தின் பயன்

‘வயிற்றுக்குச் சோறிடாத பொம்மை வேலையால் பயனென்ன?’ என்று கேட்பாரும் உளர். கேட்கத்தக்க கேள்வியே.

1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர்த் தோட்டம் தொடங்கியது முதல், இம்மாநிலத்து ரப்பர்க் காடுகளில் நம்மவர் உழைத்த உழைப்பு அளவிறந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர் அவர். தோட்டத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஏடுகளில் உள்ளன. உழைத்தவர் பெயரோ, மணியை வார்த்த கன்னான் பெயர்போல் மறைந்தே கிடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின், தோட்டத்து ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்த தந்தையின் கருவிப்பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. மகன் அரத்தைப் பிடிக்க நாணுகிறான். கைவேலை இழிவென்றும், நாற்காலியே உயர்வென்றும் எவரோ அவனுக்குக் கற்பித்துவிட்டனர். பிறப்பால் இவனுக்கே இத்தொழில் என்று வேலியிட்ட பழைமையும், தொழிலையே தாழ்வென்று தள்ளும் புதுமையும் ஒரே நோயின் இரு முகங்கள். உரைகல்லில் பெயர் பொறித்த பெரும்பதனுக்கு அந்நாணம் இருந்ததில்லை.

மாதிரிக் கலம் செய்யும் சிறுவன் அளவை கற்கிறான். உலோகத்தின் குணம் கற்கிறான். ஒரு வளையம் பிழைத்தால் பாய் ஏறாது என்று கற்கிறான். அதனினும் மேலாக, தன் முன்னோருள் மன்னரை மட்டுமன்றி உழைப்பாளரையும் தேடக் கற்கிறான். நாகூர்க் கந்தூரியில் கொடியைக் கப்பல் வடிவான இரதத்தில் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். கடலோடிகளின் சந்ததிக்குக் கப்பலின் உருவம் நினைவுச்சின்னம். விளையாட்டுப் பொருள் மட்டுமன்று.

ஆகவே, தோட்டத்துப் படிப்பகங்களும் நகரத்து இளைஞர் மன்றங்களும் ஆண்டுக்கு ஒரு கலமேனும் செய்யட்டும். பட்டறைப் பழக்கமுள்ள முதியவர் ஒருவரை அழைத்து நடுவில் அமர்த்திக் கற்கட்டும். முடிந்ததும் அணியத்தில் சிறு மணியொன்றைத் தொங்கவிடுங்கள். அம்மணியில் எழுத்தும் பொறியுங்கள். ‘இன்னாருடைய கப்பலின் மணி’ என்று பொறிப்பது பழைய வழக்கம். ‘இன்னார் செய்த மணி’ என்று பொறிப்போம். அதுவே புதிய வழக்கமாகுக.